முன் பிரேக் பிடித்தால் பைக் கவிழுமா? ஆம்பூர் ஹைவே முதல் ஏலகிரி இறக்கம் வரை பிரேக், கியர் கணக்கு இதுதான்!

சாயங்காலம் ஷிஃப்ட் முடியும் நேரத்தில் மாதனூர், ஆம்பூர், விண்ணமங்கலம் பக்கம் தேசிய நெடுஞ்சாலை 48 எப்படி இருக்கும் என்று அந்த வழியாகப் போகிறவர்களுக்குத் தெரியும். ஷூ கம்பெனி வாசலில் வரிசையாக நிற்கும் வேன்கள், பஸ் பிடிக்க ரோட்டைக் கடக்கும் பெண்கள், சர்வீஸ் ரோட்டிலிருந்து திடீரென மேலே ஏறும் ஷேர் ஆட்டோ, பெங்களூரு நோக்கிப் பறக்கும் கன்டெய்னர் லாரிகள். இதற்கு நடுவில்தான் வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும் பைக்குகள்.

முன்னால் போகும் வேன் சட்டென நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நொடியில் உங்கள் வலது கால் என்ன செய்யும்? வலது கை என்ன செய்யும்?

நம்மில் பலருக்கு வலது கால் பிரேக் பெடலை ஓங்கி மிதிக்கும். வலது கை தயங்கும். அந்தத் தயக்கத்துக்கு என்ன விலை என்பதை மீட்டர் கணக்கில் சொல்ல முடியும். அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இது சின்ன விஷயம் இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கைப்படி, 2022-ல் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அதில் 44.5 சதவீதம் பேர் இரு சக்கர வாகனத்தில் வந்தவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள்.

பயம் எங்கிருந்து வந்தது?

"தம்பி, முன் பிரேக்கை மட்டும் தொடாத, கவுத்துடும்." புது பைக் வாங்கிய எல்லோருக்கும் வீட்டிலோ, மெக்கானிக் கடையிலோ, டீக்கடையிலோ யாராவது ஒருவர் இதைச் சொல்லியிருப்பார்.

சொன்னவர் பொய் சொல்லவில்லை. மண் ரோட்டில், ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது, முன் பிரேக்கை வெடுக்கெனப் பிடித்தால் வண்டி நிச்சயம் விழும். பெரும்பாலோர் பைக் பழகுவது அப்படிப்பட்ட இடத்தில்தான். முதல் தடவை விழுவதும் அங்கேதான். அந்தப் பயம் கையில் தங்கிவிடுகிறது.

அடுத்தது லைசென்ஸ். ஆர்டிஓ ஆபீஸில் காலைக் கீழே வைக்காமல் எட்டு போட வேண்டும். அந்த வேகத்தில், அந்த வளைவில், பின் பிரேக்கை லேசாக மிதித்து ஓட்டுவதுதான் சரி. ஆக, எட்டு போட்டுப் பழகிய உடம்புக்கு பிரேக் என்றாலே பின் பிரேக் என்று பதிந்துவிடுகிறது. ஆனால், எட்டு போடுவது 10 கி.மீ. வேகத்தில். வேன் நம் முன்னால் நிற்பது 60 கி.மீ. வேகத்தில். இரண்டுக்கும் தேவையான பழக்கம் வேறு வேறு.

நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை இது. அமெரிக்காவில் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் நடந்த 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து, 1981-ல் அறிக்கை வெளியிட்டது. விபத்தைத் தவிர்க்க ஓட்டுநருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் 2 விநாடிக்கும் குறைவு. அந்த நேரத்தில் அவர்கள் செய்த முக்கியமான தவறு என்ன தெரியுமா? பின் பிரேக்கை அளவுக்கு மீறி மிதித்து சக்கரத்தை வழுக்க விட்டது, முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்காமல் விட்டது. அதே பயம், அதே தவறு.

பிரேக் பிடிக்கும்போது வண்டிக்குள் என்ன நடக்கிறது?

பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் பிரேக் போட்டால் என்ன ஆகும்? எல்லோரும் முன்னால் சாய்வோம். பைக்கிலும் அதேதான். பிரேக் பிடித்ததும் வண்டியின் எடையும் உங்கள் எடையும் முன் சக்கரத்தின் மேல் போய் உட்காரும். முன் ஃபோர்க் அமுங்குவதை நீங்களே பார்க்கலாம்.

நிற்கும் பைக்கில் எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப் பாதி இருக்கும். அழுத்தி பிரேக் பிடிக்கும்போது பத்தில் ஏழெட்டுப் பங்கு முன் சக்கரத்துக்குப் போய்விடும். எடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் டயருக்கு ரோட்டில் பிடிப்பு கிடைக்கும். பின் சக்கரம் அந்த நேரத்தில் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை எவ்வளவு ஓங்கி மிதித்தாலும் அது சுற்றாமல் நின்று வழுக்குமே தவிர, வண்டியை நிறுத்தாது.

பைக் கம்பெனிகள் பெரிய டிஸ்க்கை முன் சக்கரத்தில் வைப்பதற்கும் காரணம் இதுதான். அது அழகுக்காக இல்லை!

எத்தனை பஸ் நீளம்?

இப்போது கணக்குக்கு வருவோம். 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் நகரும். ஆபத்தைப் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை பிரேக்கில் அழுந்த ஒரு விநாடி ஆகும் என்று வைத்துக்கொண்டால், பிரேக் வேலை செய்யத் தொடங்கும் முன்பே 17 மீட்டர் போய்விட்டது.

காய்ந்த ரோடு, நல்ல டயர், பழகிய கை. இரண்டு பிரேக்கையும் சேர்த்துச் சரியாகப் பிடித்தால் அதற்குப் பிறகு சுமார் 20 மீட்டரில் வண்டி நிற்கும். மொத்தம் 37 மீட்டர். ஒரு அரசு பஸ்ஸின் நீளம் சுமார் 11, 12 மீட்டர். ஆக, மூன்று பஸ் நீளம்.

பின் பிரேக் மட்டும் என்றால்? நிறுத்தும் வேகம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். பிரேக் பிடித்த பிறகு மட்டுமே 40 மீட்டர் தேவை. மொத்தம் 57 மீட்டர். ஐந்து பஸ் நீளம்.

இரண்டு பிரேக்கும் பிடித்தவர் நின்றுவிட்ட அதே இடத்தை, பின் பிரேக் மட்டும் பிடித்தவர் கடக்கும்போது அவர் வண்டியின் வேகம் இன்னும் சுமார் 42 கி.மீ. இருக்கும். ஒருவர் வேனுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். இன்னொருவர் அந்த வேனில் 42 கி.மீ. வேகத்தில் மோதுகிறார். வித்தியாசம் வலது கை மட்டும்தான்.

வேகமும் இதே மாதிரி விளையாடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்கு. 40 கி.மீ. வேகத்தில் சுமார் 9 மீட்டரில் நிற்கும் வண்டிக்கு, 80 கி.மீ. வேகத்தில் சுமார் 36 மீட்டர் தேவை.

சரி, எப்படிப் பிடிக்கணும்?

வெடுக்கெனப் பிடிக்கக் கூடாது. எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அவ்ளோதான் ரகசியம்.

ஆக்சிலரேட்டரை முழுசாக விடுங்கள். முன் பிரேக் லீவரை முதலில் லேசாக அழுத்துங்கள். ஃபோர்க் அமுங்கி, எடை முன் டயரின் மேல் ஏற அரை நொடிக்கும் குறைவான நேரமே போதும். எடை ஏறிய டயர் இன்னும் அதிக பிரேக்கைத் தாங்கும். உடனே அழுத்தத்தைக் கூட்டுங்கள். எடை ஏறுவதற்கு முன்பே வெடுக்கெனப் பிடிப்பதால்தான் முன் சக்கரம் வழுக்குகிறது. ‘முன் பிரேக் கவுத்துடும்’ என்ற பேச்சுக்குப் பின்னால் இருப்பது இந்த அரை நொடிதான்.

அதே சமயம் பின் பிரேக்கையும் அளவாக மிதியுங்கள். வண்டி முன்னால் அமுங்க அமுங்க, பாதத்தின் அழுத்தத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். முட்டிகளால் டேங்கை இறுக்கிப் பிடித்தால் உடம்பின் எடை கைகளில் விழாது. முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும். கண் மோதப்போகும் இடத்தில் இல்லாமல், தப்பிக்கும் வழியைப் பார்க்க வேண்டும். பார்க்கும் பக்கம்தான் வண்டி போகும்.

முன் சக்கரம் வழுக்குவது தெரிந்தால் உடனே லீவரை விட்டு, திரும்ப அழுத்துங்கள். பின் சக்கரம் நேராக வழுக்கினால் பெடலை மெல்லத் தளர்த்துங்கள். ஆனால், பின்பக்கம் ஏற்கெனவே பக்கவாட்டில் நன்றாக விலகிவிட்டது என்றால் பெடலைச் சட்டென விடாதீர்கள். சக்கரத்துக்குத் திடீரெனப் பிடிப்பு கிடைத்து, உங்களை மறுபக்கம் தூக்கி எறிந்துவிடும்.

என் வண்டியில் ஏபிஎஸ் இருக்கே?

2019 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கும் 125 சிசி-க்கு மேற்பட்ட பைக்குகளில் ஏபிஎஸ் கட்டாயம். 125 சிசி வரையிலான வண்டிகளில் குறைந்தபட்சம் சிபிஎஸ் இருக்க வேண்டும் என்று அப்போது விதி வந்தது.

சிபிஎஸ் என்பது இணைப்பு பிரேக். பின் பிரேக்கைப் பிடித்தால் முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். ‘ஓரளவு’ என்பதைக் கவனியுங்கள். முழு பிரேக் வேண்டுமென்றால் முன் லீவரைத் தனியாக அழுத்தித்தான் ஆக வேண்டும். சக்கரம் வழுக்குவதை சிபிஎஸ் தடுக்காது.

ஏபிஎஸ் என்பது சக்கரம் சுற்றாமல் நின்றுபோவதைத் தடுக்கும் அமைப்பு. அது வேலை செய்யும்போது லீவர் கையில் துடிக்கும். பயந்து விட்டுவிடக் கூடாது. அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும். பல பைக்குகளில் இருப்பது சிங்கிள் சேனல் ஏபிஎஸ். அது முன் சக்கரத்துக்கு மட்டும்தான். பின் சக்கரம் இன்னும் உங்கள் பாதத்தின் பொறுப்பு. வளைவில் சாய்ந்திருக்கும்போது சாதாரண ஏபிஎஸ் முழுதாகக் காப்பாற்றும் என்றும் நம்ப வேண்டாம்.

கியரைக் குறைத்தால் வண்டி நிற்குமா?

குறைந்த கியரில் ஆக்சிலரேட்டரை விட்டால் இன்ஜினே சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். இதுதான் இன்ஜின் பிரேக்கிங். நல்ல உதவி. ஆனால், அவசரத்தில் இதை நம்பக் கூடாது. இன்ஜின் இழுப்பது பின் சக்கரத்தை மட்டும்தான். லேசாகிப்போன அதே பின் சக்கரத்தை! நிறுத்துவது பிரேக்கின் வேலை. வேகம் கூடாமல் பிடித்து வைப்பதும், அடுத்த நொடி கிளம்பத் தயாராக இருப்பதும் கியரின் வேலை.

நாலாவது கியரிலிருந்து டக் டக்கென ஒன்றாவது கியருக்குத் தட்டி, கிளட்ச்சைச் சட்டென விடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அந்த வேகத்துக்கு ஒன்றாவது கியரில் இன்ஜின் மிக வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால் முடியாதபோது பின் சக்கரம் குதிக்கும் அல்லது பூட்டிக்கொள்ளும். பின் பிரேக்கை ஓங்கி மிதித்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சரியான முறை எளிமையானது. முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறையுங்கள். பிறகு ஒரு கியர் குறையுங்கள். கிளட்ச்சை மெல்ல விடுங்கள். வேகம் இன்னும் குறைந்ததும் அடுத்த கியர். கிளட்ச்சை விடும் முன் ஆக்சிலரேட்டரை ஒரு சின்னத் திருகு திருகினால் இன்ஜின் வேகமும் சக்கர வேகமும் ஒத்துப்போய், உதறல் இல்லாமல் கியர் உட்காரும். ஸ்லிப்பர் கிளட்ச் உள்ள பைக்குகள் இந்த உதறலைத் தாமாகவே குறைக்கும்.

அவசரத்தில் வரிசை வேறு. பிரேக் முதலில். கூடவே கிளட்ச்சைப் பிடியுங்கள். வண்டி வேகம் குறையக் குறைய கியரைக் கீழே தட்டிக்கொண்டே வாருங்கள். எதற்கு? வண்டி நின்ற பிறகு கதை முடியவில்லை. பின்னால் லாரி வந்துகொண்டிருக்கலாம். கண்ணாடியைப் பார்த்து உடனே ஓரம் ஒதுங்க வேண்டும். நாலாவது கியரில் நின்றால் வண்டி அணைந்துபோய் நடு ரோட்டில் மாட்டிக்கொள்வீர்கள்.

பலர் கவனிக்காத இன்னொரு விஷயம்: கியரைக் குறைத்து வேகத்தைக் குறைக்கும்போது பிரேக் லைட் எரியாது. பின்னால் வருபவருக்கு நீங்கள் வேகம் குறைப்பதே தெரியாது. ஹைவேயில் கியரைக் குறைக்கும் முன் பிரேக்கை லேசாகத் தொட்டு லைட்டை எரிய விடுங்கள்.

ஏலகிரி இறக்கம்: நியூட்ரல் வேண்டவே வேண்டாம்

வார இறுதி என்றால் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி இளைஞர்களுக்கு ஏலகிரிதான். ஜோலார்பேட்டை அருகே பொன்னேரியிலிருந்து மேலே ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது இன்ஜினுக்குச் சோதனை. இறங்கும்போது பிரேக்குக்குச் சோதனை.

இறக்கத்தில் நியூட்ரலில் விட்டாலோ, இன்ஜினை அணைத்துவிட்டாலோ பெட்ரோல் மிச்சம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வண்டியைப் பிடித்து வைக்கும் மொத்தச் சுமையும் பிரேக் மேல் விழும். பிரேக் தொடர்ந்து உரசினால் சூடாகும். டிரம் பிரேக் சூடேறினால் பிடிப்பு குறையும். டிஸ்க் பிரேக்கில் பழைய பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி வந்தால் லீவர் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

மிச்சமாவதாக நினைக்கும் பெட்ரோலும் பெரும்பாலும் மிச்சமாவதில்லை. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு நம் பைக்குகளில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பரவலாகிவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை, கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோல் போவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் இன்ஜின் ஓட பெட்ரோல் தேவை. அதாவது, இறக்கத்தில் கியரில் வருவதுதான் சிக்கனம்.

மேலே ஏற எந்த கியர் தேவைப்பட்டதோ, இறங்கவும் ஏறக்குறைய அதே கியர். இரண்டாவது அல்லது மூன்றாவது. பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தபடி வராமல், அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள். திரும்பத் தேவைப்படும்போது பிடியுங்கள். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே பிரேக், கியர் வேலை இரண்டையும் முடித்துவிட வேண்டும். வளைவுக்குள் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு போகக் கூடாது. தீயும் வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பிரேக் ஆறும் வரை காத்திருங்கள்.

ஸ்கூட்டர்காரர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. கியர் இல்லாத ஸ்கூட்டரில் வேகம் மிகக் குறைந்தால் கிளட்ச் தானாக விடுபட்டு, இன்ஜின் பிடிப்பும் போய்விடும். அதனால் இறக்கத்தில் அடிக்கடி நின்று பிரேக்கை ஆறவிடுவதுதான் வழி. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் ரீஜெனரேஷன் வசதி இருந்தால், அது இன்ஜின் பிரேக்கிங் போல உதவும். ஆனால், பேட்டரி முழு சார்ஜில் இருக்கும்போது அந்த உதவி குறையலாம்.

மழை, மூட்டை, பின்னால் ஒருவர்

மழையில் பிரேக் தூரம் 20 மீட்டரிலிருந்து 30 மீட்டருக்கு மேல் எளிதாகப் போகும். வெயில் காய்ந்த ரோட்டில் விழும் முதல் மழைதான் மோசம். தூசியும் ஆயிலும் கலந்து வழுக்கும். டோல்கேட்டுக்கு முன்னால் லாரிகள் நிற்கும் இடம், ரோட்டில் அடித்த வெள்ளைக்கோடு, ஈரத்தோல் ஏற்றிய வண்டியிலிருந்து தண்ணீர் சொட்டிய இடம்... இங்கெல்லாம் அழுத்தி பிரேக் பிடிக்க வேண்டிய நிலை வராதபடி முன்கூட்டியே வேகத்தைக் குறையுங்கள். முன்னால் போகும் வண்டி ஒரு மைல்கல்லைக் கடந்த பிறகு நீங்கள் அதைக் கடக்க 2 விநாடியாவது ஆக வேண்டும். மழையில் 3, 4 விநாடி.

இந்தப் பகுதியில் வீட்டில் தைப்பதற்காக ஷூ அப்பர் மூட்டைகளை இரு சக்கர வாகனத்தில் கட்டி எடுத்துப்போவது வழக்கம். பின்னால் மூட்டையோ ஆளோ இருந்தால் பின் சக்கரத்தில் எடை கூடும். அப்போது பின் பிரேக் வழக்கத்தைவிட நன்றாக உதவும், அதையும் பயன்படுத்துங்கள். ஆனால், மொத்த எடை கூடியதால் லீவரை இன்னும் அழுத்த வேண்டியிருக்கும். மூட்டையை இறுக்கிக் கட்டுங்கள். பிரேக் பிடித்ததும் அது முதுகில் வந்து மோதினால் ஹேண்டில்பார் கையில் நிற்காது.

அப்புறம் செருப்பு. உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊர்களில், நாம் ரப்பர் செருப்போடு பைக் ஓட்டுகிறோம்! பெடலில் எவ்வளவு அழுத்துகிறோம் என்பது வழுக்கும் செருப்பில் தெரியாது. நல்ல ஷூ, கையுறை இரண்டும் பிரேக்கின் பகுதிதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை 15 நிமிடம்

இதையெல்லாம் படித்தால் மட்டும் கை கேட்காது. ஆபத்து வரும் 2 விநாடியில் மூளை யோசிக்காது, பழக்கம்தான் வேலை செய்யும். அதனால் பழக வேண்டும்.

முதலில் வண்டியைப் பாருங்கள். டயரில் காற்று, டயர் தேய்மானம், பிரேக் பேட் கனம், டிரம் பிரேக்கின் தேய்மானக் குறி, செயின் தொய்வு. டிஸ்க் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். அதனால் பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். உங்கள் வண்டியின் கையேட்டில் இருப்பதைப் பின்பற்றுங்கள்.

பிறகு, ஆள் நடமாட்டம் இல்லாத, மண் இல்லாத, சமமான இடம் ஒன்றைத் தேடுங்கள். ஹெல்மெட், ஷூ, கையுறை கட்டாயம். தரையில் ஒரு கோடு போடுங்கள். 20 கி.மீ. வேகத்தில் நேராக வந்து, கோட்டில் முன் பிரேக்கை மட்டும் மெல்ல மெல்லக் கூட்டிப் பிடித்து நிறுத்துங்கள். வண்டி கவிழவில்லை என்று உடம்புக்குத் தெரியட்டும். அடுத்து இரண்டு பிரேக்கும் சேர்த்து. நின்ற இடத்தில் ஒரு குறி. பிறகு 30, அதன் பிறகு 40. அதே வேகத்தில் பின் பிரேக்கை மட்டும் அளவாகப் பிடித்து நிறுத்திப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தை நடந்து அளந்து பாருங்கள். இந்தக் கட்டுரை சொன்னதைவிட அது தெளிவாகச் சொல்லும்.

கடைசியாகக் கியர். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஒன்றாவது கியரில் நிற்கிறீர்களா என்று பாருங்கள். நின்றதும் கண்ணாடி, பிறகு இடது பக்கம் ஒதுங்குவது. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கு ஒதுக்கினால் போதும். உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ புதிதாக பைக் கற்றுக்கொடுக்கிறீர்கள் என்றால், எட்டு போடக் கற்றுக்கொடுக்கும் அன்றே முன் பிரேக்கையும் கற்றுக்கொடுத்துவிடுங்கள். "தொடாதே" என்று மட்டும் சொல்ல வேண்டாம்.